சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது எதையுமே நம்ப மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி
எட்டாம் வகுப்பு டீச்சர், திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 41 பிள்ளைகள். அதில் ஏழு பேர் பனியன் கம்பெனி வேலைக்காக பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள். நேற்று வகுப்பில் நடந்த ஒரு விஷயம் ராத்திரி தூங்க விடவில்லை. அதைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவிய நேரம். எங்கள் பீகார்ப் பிள்ளைகள் இருவரின் அப்பா காலையில் கேட் பக்கத்தில் நின்று போனை நீட்டினார். நடுத்தெருவில் ஒருவரை வெட்டுகிறார்கள். “இது நிஜமா டீச்சர்?” என்று பாதித் தமிழில் கேட்டார். “இங்கே அப்படி எதுவும் இல்லைங்க” என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீடியோ எந்த ஊர், எந்தத் தேதி, எப்படிக் கண்டுபிடிப்பது, எதுவும் தெரியாது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பிள்ளைகள் வரவில்லை. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் ஏப்ரலில்தான் திரும்பினார்கள். சுற்றிய வீடியோக்களில் ஒன்று ராஜஸ்தானில் ஜோத்பூரில் நடந்த கொலை என்பதும், மற்றவற்றில் பல பழையவை என்பதும் பிறகுதான் தெரிந்தது. பதினைந்து வருஷம் பாடம் எடுத்தவள், ஒரு தகப்பன் பயந்துபோய்க் கேட்டபோது கையை விரித்துவிட்டேனே என்ற குறுகுறுப்பு இன்னும் போகவில்லை.

அதனால் ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளை ஹைடெக் லேபுக்குக் கூட்டிப்போய், வாட்ஸ்அப்பில் வருவதை எப்படிச் சரிபார்ப்பது என்று நானும் கற்றுக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். முதல் வகுப்புக்கு எடுத்தது, “தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம்” என்று வருஷா வருஷம் வருமே, அது. அது ஓர் இரவில் எடுத்த படமே கிடையாது. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் பல வருஷம் பதிவுசெய்த இரவு விளக்குகளை அடுக்கி, 1992இல் புதிதாகத் தெரிந்த வெளிச்சத்துக்கு நீலம், 1998க்குப் பச்சை, 2003க்குச் சிவப்பு என்று வண்ணம் கொடுத்து, ஊர்கள் எப்படிப் பெருகின என்று காட்டச் செய்தது. நாசாவே 2012இல் இதை விளக்கியிருக்கிறது. மக்கள்தொகை, நகரமயமாதல் எல்லாம் என் பாடத்திலேயே இருப்பதால் அந்தப் பொய்ப் படத்தை வைத்தே உண்மையான பாடத்தையும் நடத்திவிட்டேன். அடுத்த வாரம், நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வரும் செய்தி. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் “நமக்குப் பிடித்த செய்தியாக இருந்தாலும் பார்க்கணும்” என்று ஒரு பெண் சொன்னாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை.

டிசம்பரில் முதல் அடி விழுந்தது. மிக்ஜாம் புயல் மழையில், சென்னை பெருங்களத்தூர்ப் பக்கம் ராத்திரியில் ஒரு முதலை ரோட்டைக் கடக்கும் வீடியோ வந்தது. வகுப்பே “பொய்” என்று கத்தியது. நானும் பொய் என்றுதான் நினைத்தேன். அது உண்மை. வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகுவே அந்த வீடியோவைப் பற்றி எழுதி, சென்னையைச் சுற்றிய சில நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதைச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பின்வரிசையில் ஒரு பையன், “அதுவும் பொய்யா இருக்கும் டீச்சர்” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நேற்று குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாள். அல்பெண்டசோல், வருஷத்துக்கு இரண்டு முறை கொடுப்பது, உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் பெஞ்சுக்கு அடியில் நான்கு மாத்திரை கிடந்தது. யார் என்று கேட்டபோது ஒளிக்கவில்லை, எழுந்து நின்றார்கள். நான்கு பேருமே வெள்ளிக்கிழமை வகுப்பில் முதலில் கை தூக்குகிறவர்கள். ஒருவன் சொன்னான்: “நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, யார் சொன்னாலும் அப்படியே நம்பாதேன்னு?”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் கேள்வி இதுதான். பொய்யைக் கண்டுபிடிக்க நிறைய வழி கிடைக்கிறது. எதை நம்பலாம், எவ்வளவு நம்பலாம் என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இந்த வெள்ளிக்கிழமை பீரியடை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

---

கணினி ஆசிரியர், தென்காசி

நிறுத்தாதீர்கள் டீச்சர். இதே இடத்தில் நானும் மாட்டியிருக்கிறேன்.

என் பக்கத்துத் தவறு, தந்திரங்களை மட்டும் கற்றுக்கொடுத்தது. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடு, இரட்டை அம்புக்குறியோடு “பலமுறை அனுப்பப்பட்டது” என்று வந்தால் உஷாராக இரு, இப்படி. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகள் அதை ஒரு மெஷின் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். இரட்டை அம்பு இருந்தால் பொய், இல்லாவிட்டால் உண்மை. எங்கள் ஊர்க் குடிநீர் நிறுத்த அறிவிப்பு நிஜமானது, இரட்டை அம்போடுதான் வந்தது. பொய் என்று சொல்லி இரண்டு வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை.

ஏஐ படங்கள் வந்த பிறகு இன்னும் சிக்கல். விரலை எண்ணிப் பார் என்றேன். சில மாதத்தில் விரல்கள் சரியாகிவிட்டன. புதிதாகச் செய்த படத்துக்குப் பழைய மூலமும் கிடைக்காது, லென்ஸும் வெறுங்கையோடு திரும்பும். படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைந்துகொண்டே வருகிறது. இதை முதலில் யார் போட்டது, அவர் அங்கே இருந்தாரா, வேறு யார் சொல்கிறார்கள் என்று கேட்பதுதான் நிற்கிறது. நம்பிக்கையை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மற்றவர்கள் சொல்வதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

---

தமிழாசிரியர், போளூர் வட்டம்

நிறுத்தலாமா என்று கேட்டதால்தான் எழுதுகிறேன்.

2018 மே 9. எங்கள் போளூர்ப் பக்கம் அத்திமூர். குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழி கேட்க இறங்கியது. அதில் 65 வயது அம்மா ஒருவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று வாரக்கணக்கில் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்த நேரம். கூட்டம் சேர்ந்து அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார்.

அப்போது நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே இருவர் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அட்டையைக் காட்டுவார்கள். நம் போன்களுக்கு வந்ததில் அந்தக் கடைசிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது.

அந்த வருஷம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது. அத்திமூருக்கு அது தாமதம்.

2018இல் வடநாட்டார் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று நம்மிடம் சொன்னார்கள். 2023இல் தமிழர்கள் கொல்கிறார்கள் என்று அவர்களிடம் சொன்னார்கள். உங்கள் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாத்திரை விஷயத்தைச் சரிசெய்து கொள்ளலாம். பீரியடை விட்டுவிடாதீர்கள்.

---

தமிழ் வழி ஆசிரியை, இடுக்கி

வணக்கம் டீச்சர். நான் கேரளத்தில், தேயிலைத் தோட்டப் பகுதியில் தமிழ் வழிப் பள்ளியில் இருக்கிறேன். உங்கள் மாத்திரைக் கதையைப் படித்ததும் கண்ணூர்தான் நினைவுக்கு வந்தது.

2017 அக்டோபரில் கேரளத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. பிள்ளைகளுக்கு ஆகாது என்று வதந்தி பரவி, பல வீடுகளில் ஊசி போட விடவில்லை. தமிழ்நாட்டிலும் அதே வருஷம் பிப்ரவரியில் இதேதான் நடந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணூர் கலெக்டராக இருந்த மிர் முகமது அலி, 2018இல் ‘சத்தியமேவ ஜயதே’ என்று ஒரு திட்டம் தொடங்கி, 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்திகளைப் பற்றி வகுப்பெடுக்கச் செய்தார். அதே பெயரில் பின்னால், பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பார்க்கும் கேரள அரசு நிறுவனமான ‘கைட்’ மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. எங்களுக்கும் பயிற்சி வந்தது. அதாவது பிள்ளைகள் மருந்தை நம்புவதற்காகத் தொடங்கிய வகுப்பு இது. உங்கள் வகுப்பிலிருந்து நான்கு பேர் மருந்தை நம்பாமல் வெளியே வந்தால், பாடத்தில் பாதி இன்னும் நடத்தப்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நீங்கள் நடத்திய பாதி தப்பில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். முதலில், பொய்யை மட்டும் கொண்டுபோவதை நிறுத்தினேன். ஆறு மாதம் வாரா வாரம் பொய்யையே காட்டினால், “இந்த பீரியடில் வருவதெல்லாம் பொய்” என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்றுக்கொண்டதற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இப்போது நான் கொண்டுபோவதில் பாதிக்கு மேல் உண்மை. அதுவும் பார்த்தால் நம்ப முடியாத உண்மையாகத் தேடுகிறேன். உங்கள் முதலை மாதிரி.

இரண்டாவதுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ என்ற இருவர் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்போர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பத் தகுந்தது என்று கேட்டார்கள். அதில் குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளும் இருந்தன. ஒன்று 1930இல் தொடங்கி, 60 ஆயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள் உள்ளது. இன்னொன்று கருத்து வேறுபாட்டில் 2002இல் பிரிந்துபோன சிறிய குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், பக்கமும் சுத்தமாக இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோரும் வரலாற்று அறிஞர்களில் பலரும் தடுமாறினார்கள். அவர்கள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்து மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, “இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்” என்று தேடினார்கள். அவர்கள் எல்லாருமே சரியான விடைக்கு வந்தார்கள்.

நம் ஊரில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடமேவா விசாரிக்கிறோம்? அக்கம்பக்கத்தில், வேலை பார்க்கும் இடத்தில், தெரிந்தவர்களிடம் கேட்கிறோம். கேட்டு முடித்தபிறகு கொடுக்கவும் செய்கிறோம். விசாரிப்பதே கடைசியில் ஒரு முடிவுக்கு வருவதற்குத்தான். இதை என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் என் வகுப்பில் “பொய்” என்று ஒரு சொல்லோடு யாரும் உட்கார முடியாது. பொய் என்றால் யாரிடம் விசாரித்தாய் என்று சொல்ல வேண்டும். உண்மை என்றாலும் அதே கேள்விதான். சும்மா பொய் என்று சொல்வதும் சும்மா நம்புவது மாதிரிதான், இரண்டிலும் வேலை செய்யவில்லை. “இன்னும் தெரியவில்லை” என்று சொல்லலாம், ஆனால் அடுத்து எங்கே கேட்பாய் என்றும் சொல்ல வேண்டும்.

அந்த மாத்திரையையே வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கூச்சப்படாதீர்கள்.

---

எட்டாம் வகுப்பு டீச்சர், திருப்பூர்

இடுக்கி டீச்சர், உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். பொய்யை மட்டுமே காட்டியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஜூனிலிருந்து எடுத்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 22 வகுப்பில் 20 பொய். உண்மையாக இருந்த இரண்டில் ஒன்று முதலை, அதுவும் நானாகத் தேர்ந்தெடுத்து வந்ததில்லை.

போளூர் சார், அத்திமூர் பற்றிப் பேப்பரில் படித்தது ஞாபகம் இருக்கிறது. நிறுத்தவில்லை.

---

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

நான் ஆசிரியர் இல்லை. என் பெண் பத்தாவது படிக்கிறாள், அவள்தான் இதைக் காட்டினாள்.

2023 மார்ச்சில் எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். பீகார்ப் பசங்க 30 பேருக்கு மேல். டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் வந்து இது பொய் என்றார். போலீஸ் வந்து ஹிந்தியில் பேசினார்கள். பீகார் அரசாங்கமே ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னது, திருப்பூருக்கும் வந்தார்கள். எல்லாம் உதவியாக இருந்தது. ஆனால் பசங்களுக்குப் பயம் போனது வேறு விதத்தில். எங்கள் செக்‌ஷனில் எட்டு வருஷமாக இருக்கும் ஒருத்தன், அந்த வீடியோவின் சத்தத்தை மட்டும் வைத்துக் கேட்டான். “மாஸ்டர், பின்னாடி பேசறவங்க யாரும் தமிழ் பேசலை” என்றான். எல்லாரையும் கூப்பிட்டுத் திரும்பப் போட்டான். பிறகு கோயமுத்தூர், ஈரோடு, சென்னை என்று அவனுக்குத் தெரிந்த ஊர்க்காரர்களை ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவராக, “அங்கே எப்படி இருக்கு?” என்று கேட்டான். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றே பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் மெஷினில் உட்கார்ந்தார்கள்.

டீச்சர், உங்கள் வகுப்பில் இருக்கிற ஏழு பிள்ளைகளுக்கு ஹிந்தியும் ஒடியாவும் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கேட்கலாமே.

---

எட்டாம் வகுப்பு டீச்சர், திருப்பூர்

விடுபட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி மாத்திரை கொடுக்கும் நாள் இன்று. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் திரும்ப வந்து எழுதுகிறேன்.

முந்தாநாளே லேபில் உட்கார்ந்தோம். மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் பிள்ளைகளே தட்டினார்கள். யாரிடம் விசாரிக்கலாம் என்று முதலில் போர்டில் எழுதச் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம், மெடிக்கல் ஷாப் அண்ணா, நர்ஸ் அக்கா, எங்கள் பாட்டி என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அல்பெண்டசோல் இருப்பதை ஒரு குழு கண்டுபிடித்தது. இன்னொரு குழு மெடிக்கல் ஷாப்புக்குப் போய்க் கேட்டுவந்து, கடையில் விற்பதும் இதே மருந்துதான் என்றது. பீகார்ப் பையன் ஒருவன் எழுந்து, அவனுடைய ஊர்ப் பள்ளியிலும் இதைக் கொடுத்தார்கள், நான்காம் வகுப்பில் சாப்பிட்டிருக்கிறேன் என்றான். வகுப்பு அவன் பக்கம் திரும்பியது. இரண்டு வருஷமாக இந்த வகுப்பில் இருக்கிற பிள்ளை, அவனை ஒரு விஷயம் தெரிந்தவனாக மற்றவர்கள் பார்த்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

இன்று சுகாதார செவிலியரை வகுப்புக்குள்ளேயே வரச் சொன்னேன். அந்த நால்வரில் ஒருத்தி, “போன வாரம் சாப்பிட்டவங்க யாருக்காவது உடம்பு முடியாம போச்சா?” என்று கேட்டாள். செவிலியர் கோபப்படாமல், சிலருக்குக் கொஞ்ச நேரம் வயிறு பிரட்டும், வயிற்றில் புழு அதிகம் இருந்தால் அப்படி ஆகும், போன வாரம் பக்கத்துப் பள்ளியில் இரண்டு பேருக்கு அப்படி இருந்தது, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்றார். ஒன்றும் ஆகாது என்று அவர் மழுப்பியிருந்தால் அந்தப் பெண் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று பேர் மென்று விழுங்கினார்கள். நான்காவது பையன் அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றான். சரி, கேட்டுவிட்டு வா, அம்மா என்ன சொன்னார்கள், அவருக்கு யார் சொன்னது என்றும் கேட்டுவா என்று அனுப்பியிருக்கிறேன். செவிலியர் திங்கட்கிழமை வரை ஒரு மாத்திரையைத் தனியாக எடுத்துவைப்பதாகச் சொன்னார்.

கட்டிங் மாஸ்டர் அண்ணா சொன்னபடி அடுத்த வெள்ளிக்கிழமை, சத்தத்தையும் பெயர்ப் பலகையையும் வைத்து ஊரைக் கண்டுபிடிக்கும் வகுப்பு. ஆளுக்கொரு மொழிக்காரராகப் பிள்ளைகளைக் கலந்து உட்காரவைக்கப் போகிறேன். அடிதடி, ரத்தம் இருக்கும் எதையும் பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டேன். சந்தை, பஸ் ஸ்டாண்ட், திருவிழா மாதிரி ஒரு நிமிஷ வீடியோக்கள், ஒடியா, பெங்காலி, மலையாளப் பலகைகள் தெரிகிற மாதிரி யாரிடமாவது இருந்தால், எங்கே எப்போது எடுத்தது என்ற விவரத்தோடு அனுப்புங்கள். இடுக்கி டீச்சர், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஒன்று கிடைக்குமா?